நீ குடித்த என் கிளாஸ்கள்

ஜெர்மனியில் உன் ஊர் பியர்க்கடை ஒன்றில், இன்னொருவர் முன்னால், உன்னை என் டிரைவர் என்று சொன்னேன். நடந்தது அதுதான். ஏழு வருடம் இதை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன். நீ போய் இரண்டு மாதமாகிறது. இனி எழுதித்தான் உன்னிடம் பேச முடியும்.

இங்கே கிரவீனில் என் மிளகாய்த்தூள் ஸ்டோருக்குப் பின்பக்கம் இரண்டு வெள்ளைக்காரர்கள் சின்னதாக பியர் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நெல் அவிக்கிற மாதிரி ஒரு மணம் மிளகாய்க் காரத்தையும் தாண்டி உள்ளே வருகிறது. கதவைச் சாத்தவா என்று வேலையாட்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன்.

அந்த மணத்தை எனக்குக் காட்டியவன் நீ. உணவுப்பொருள் கண்காட்சிக்கு நான் அங்கே வந்தபோது மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாய். "கோயில், கோட்டை எல்லாம் பிறகு பார். முதல் நான் பீப்பாய் கழுவின இடத்தைப் பார், மச்சான்" என்றாய். இருபத்தாறு வருடம் கழுவியிருக்கிறாய். அந்த இடத்து முதலாளிக் கிழவர் உன்னைக் கண்டதும் செப்பு அண்டாக்களுக்குப் பின்னால் இருந்து ஓடிவந்தார். தன் வீட்டு ஆட்கள் சாப்பிடும் மேசையில் உன்னை இருத்தினார். நான் வியாபாரி. ஒருவனுக்கு எந்த இடத்தில் கதிரை போடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அவனை எடை போடுவேன். அன்று உன்னை மதித்தேன். அந்த மதிப்பு மூன்று மணி நேரம் நின்றது.

மத்தியானம் என் ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பியர்க்கடைக்குக் கூட்டிப்போனாய். ஒடுங்கிய சின்னக் கிளாஸ்கள். கிளாஸ் வெறுமையானால் பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் வைக்கும் மட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதுமென்றால் மட்டையை எடுத்து கிளாஸை மூட வேண்டும். "மற்றவன்ரை கிளாஸை மூடக்கூடாது. அவனவனுக்குப் போதுமெண்டு அவனவன்தான் சொல்லவேணும்" என்றாய். உனக்குச் சர்க்கரை வருத்தம். இரண்டோடு உன்னுடையதை மூடிவிட்டாய். எனக்கு மூன்று கோடு விழுந்திருந்தது.

அப்போதுதான் குணம் அண்ணை கழிப்பறை தேடி உள்ளே வந்தார். கிரான்பர்னில் இருந்து மெல்பேர்ன் கடைகளுக்கெல்லாம் சாமான் போடுகிற மொத்த வியாபாரி. கோயில் நிர்வாகத்தில் பெரியவர். குடிக்கிறவனோடு வியாபாரம் வைப்பதில்லை என்று பேர். அவரும் கண்காட்சிக்கு வந்திருந்தார். என் தூளை விற்க அவர் வைக்கும் கையெழுத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். பாதிக் கிளாஸை உன் பக்கம் தள்ளினேன். அவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, காஸ் போட்ட வெறும் தண்ணீர் ஒன்று சொல்லி, எங்கள் மேசையிலேயே இருந்தார்.

"இவர் ஆர் தம்பி?"

"எங்கட டிரைவர், அண்ணை."

நீ என்னைப் பார்க்கவில்லை. "ஓம் ஐயா" என்றாய். ஐயா என்ற சொல்லை உன் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. நான் தள்ளிய கிளாஸை எடுத்து முடித்தாய்.

பரிமாறுகிறவர் வந்தார். அவருக்கு எங்கள் மானம் மரியாதை தெரியுமா? புதுக் கிளாஸை என் முன்னாலேயே வைத்து என் மட்டையில் கோடு போட்டார். நீ எட்டி எடுத்து, "எனக்கு வந்தது, மாறி வைச்சிட்டார்" என்று குடித்தாய். அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தாய். நான் மட்டையை எடுத்து மூடினால் முடிந்தது. என் கை போகவில்லை. மூடினால் அது என் கிளாஸ் என்று ஆகிவிடும். மிளகாய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன்.

நாலாவதில் குணம் அண்ணை சிரித்தார். "உம்மட டிரைவர் சரியான தண்ணிச்சாமி. ஆர் இனி வண்டி எடுக்கிறது? இவரை ஏன் வைச்சிருக்கிறீர்?"

"இனி வைக்கமாட்டன், அண்ணை" என்றேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் போன் எடுப்பாய். "முதலாளி, வண்டி எத்தனை மணிக்கு?" என்று தொடங்குவாய். நானும் சிரித்து, "வாற வருசம் எடு" என்பேன். மன்னித்துவிட்டுப் பகிடி விட்டாயா, மன்னிப்புக் கேட்கட்டும் என்று வாசலைத் திறந்து வைத்தாயா, தெரியாது. ஏழு தடவை திறந்தாய். ஒரு தடவையும் நான் உள்ளே வரவில்லை. உன் சவ அடக்கத்தை ஸ்டோர் ஒபிசில் இருந்து வீடியோவில் பார்த்தேன். அந்த முதலாளிக் கிழவர் உன் பெட்டிக்கு ஒரு மூலையில் தோள் கொடுத்தார்.

போன மாதம் கிரான்பர்னுக்குப் போனேன். "அண்ணை, அண்டைக்கு வந்தவர் டிரைவர் இல்லை. என்ரை சிநேகிதன். அந்தக் கிளாஸ் எல்லாம் என்ரை."

குணம் அண்ணை தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, "தெரியும் தம்பி. நீர் வாயைத் திறந்துதானே கதைச்சனீர்? மணம் வராதே?" என்றார்.

"பிறகேன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"உம்மைப் பார்த்து வைக்கேல்லை. உமக்காக ஒருத்தன் அப்பிடி அவமானப்பட்டுக் குடிச்சவன். அப்பிடி ஒரு ஆள் உமக்கு இருந்தா, உம்மிலும் ஏதோ நல்லது இருக்கும் எண்டு நினைச்சன்." கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அவர் சுகமா இருக்கிறாரோ?"

சொன்னேன். நீ போய்விட்டாய் என்று.

உன் பேரில் கிடைத்த கையெழுத்தை இன்னும் என் பேரில் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பியர்க்கடை நாளின் பின்னேரம் ஹோட்டல் வரவேற்பறையில், உன்னைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நானும் குணம் அண்ணையும் ஒத்துக்கொண்டது இதுதான்: மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் முழுவதற்கும் அவர் ஒருவரே விற்பார். நான் அங்கே வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. சரக்கு இறங்கி நாற்பத்தைந்து நாளில் காசு. ஐந்து வருடம், இருவருக்கும் சம்மதமென்றால் மேலும் ஐந்து.