வெள்ளை அட்டை இருபத்திரண்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு முட்டிவலி தேவலையா? செவலை கன்று போட்டுவிட்டதா?

கப்பல் வந்து சேர்ந்ததா? புல் விதை மூட்டைகளைப் பிரித்துவிட்டீர்களா? அவசரப்பட வேண்டாம் அக்கா. மழையைப் பார்த்து விதைக்கச் சொல். விதை எங்கேயும் ஓடிவிடாது. பிரிக்கும் முன் எனக்கு இரண்டு வரி எழுது. மறந்துவிடாதே.

இங்கே எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை.

உன்,
குட்டி

மார்ச் 21

அன்புக் குட்டிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் விதைத்தே முடித்துவிட்டோம்! பதினோரு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தேன். செயலாளராக நான் உன் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போது நம்ம பால் சங்கத்தில் எத்தனை பேர் முணுமுணுத்தார்கள், தெரியுமா? "கடல் தாண்டி வர்ற புல்லு நம்ம மாட்டுக்கு ஒத்துக்குமா?" என்றார்கள். "மூட்டை தைக்கிறதே என் தங்கச்சிதான், வாயை மூடுங்க" என்றேன். மழை பார்த்து விதைக்கச் சொன்னாயே, அந்த வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "பாரு, எவ்வளவு அக்கறை!" என்று ஒரே பெருமை எனக்கு.

செவலைக்குக் கிடாரிக் கன்று. உன் சாயல்தான், பிடிவாதம். ஏன்டி போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்? அவ்வளவு பெரிய மனுஷி ஆகிவிட்டாயா?

உன் அக்கா

ஜூன் 2

அக்கா,

போனில் பேசினால் குரலே காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் எடுக்கவில்லை. இப்போதும் எழுத்தில்தான் தைரியம் வருகிறது.

மாட்டை அந்தப் புல்லில் மேய விடாதே. இதைப் படித்ததும் பதினோரு வீட்டுக்கும் ஓடு.

இங்கே ஒரே கொட்டகையில் இரண்டு விதை சுத்தம் செய்கிறோம். தீவனப் புல்லுக்குப் பச்சை அட்டை, விளையாட்டு மைதானப் புல்லுக்கு வெள்ளை அட்டை. மூட்டை வாயோடு சேர்த்துத் தைக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் இரண்டு விதையும் ஒன்றுதான். மைதான விதைக்குள் பூச்சி அண்டாமலிருக்க ஒரு பூஞ்சை இருக்கும். மாடு தின்றால் நடுக்கம் வரும், நிற்க முடியாமல் விழும்.

கப்பல் போன மறுநாள் என் மேலங்கிப் பையில் வெள்ளை அட்டைகள் இருந்தன. எண்ணினேன், இருபத்திரண்டு. மைதான மூட்டைகளுக்குப் பச்சையைத் தைத்து உங்களுக்கு அனுப்பிவிட்டேன். மேஸ்திரி "கணக்கு சரியா?" என்றார். "சரி" என்றேன். அட்டைகளை அடுப்பில் போட்டேன். புல் இப்போது மேயும் உயரம் வந்திருக்கும். இனியும் வாயைத் திறக்காமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

மன்னித்துவிடு அக்கா. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

குட்டி

ஜூன் 17

குட்டிக்கு,

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே செவலைக்குத் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. "வெயிலாத்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்று மற்ற வீடுகளுக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடிதம் வந்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எல்லா மாட்டையும் வயலைவிட்டு ஓட்டிவிட்டோம். நடுக்கம் வந்த ஒன்பது மாடு தேறி வருகிறது. செவலை வாய்க்காலில் விழுந்து எழவே இல்லை. கன்றுக்குப் புட்டியில் பால் கொடுக்கிறேன்.

மாமா, "சின்னப் புள்ள, பயந்துட்டா, விடு" என்கிறார். அட்டை மாறியதற்கு நானும் விட்டிருப்பேன். யார் கைக்கும் தவறும்.

நேற்று உன் மார்ச் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பிரித்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாய். அன்றே உனக்குத் தெரியும். மூன்று மாசம், குட்டி. நான் ஊர் முழுக்க உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு போன் பண்ணியிருக்கலாம். மேஸ்திரியைப் பார்த்துப் பயந்தாய், சரி. என்னைப் பார்த்துமா பயந்தாய்?

உன் கம்பெனிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், உன் கடிதத்தை வைக்காமல். யார் தைத்தது என்று நீயே போய்ச் சொல். அதற்குப் பிறகு, நானாக எழுதும்வரை நீ எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
பால் சங்கம்