சண்முகவேல் ஐயா போட்ட சிலுவை

மொன்றியல்
ஒக்டோபர் 2006

என் செல்ல மகள் றொஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா காவலில் நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிர் வருமுன்னே புறுபுறுக்கத் தொடங்கிவிட்டது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. வேளாவேளைக்குச் சமைக்கிறாய், தனியாய்ச் சாப்பிடுவதுமில்லை என்று எனக்குத் தெரியும். எப்படியென்று கேள்.

போன கிழமை உன் சீனத்து விவசாயப் பல்கலைக்கழகத்திலிருந்து ஐந்தாறு பேர் நீ முன்பு படித்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வளாகத்துக்கு வந்தார்கள், மாணவர்களை மாற்றிப் படிப்பிக்கிற ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க. இங்கே உனக்குப் படிப்பித்த பேராசிரியர் சண்முகவேல் ஐயா, சீனாவில் படிக்கிற பிள்ளையின் தாய் தகப்பன் என்று எங்களையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அப்பா கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வந்தவர்களில் லியாங் என்று ஓர் இளம் விரிவுரையாளர், ஆப்பிள் தோட்டத்து மண்ணை ஆராய்கிறவராம், ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தார். சாப்பாடு வைத்ததும் எல்லாரும் கரண்டியை எடுக்க, இந்தப் பிள்ளை மட்டும் ஐயாவின் பக்கம் திரும்பி, பணிவாய்ச் சிலுவை போட்டு, எங்கள் வீட்டில் போலவே பெருவிரலை முத்தமிட்டு, ஐயாவும் போடட்டும் என்று காத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீற்றோடு ஐயா முழித்த முழியை நீ பார்த்திருக்க வேண்டும்! விருந்தாளியின் மனம் கோணக்கூடாதென்று பாவம் மனுஷன் தானும் ஒன்று போட்டார், அதுவும் தலைகீழாய். பிறகுதான் லியாங் விளக்கினார், தமிழர் எல்லாரும் சாப்பிடமுன் இப்படிச் செய்வார்களாம், செய்யாவிட்டால் அங்கே தனக்குச் சோறு கிடையாதாம்.

யார் பழக்கியது என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் விருந்தில் பழகிய கையில்லை அது, மகள். உன் பெயரைச் சொன்னதும் அவரின் காது இரண்டும் சிவந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. ரொறன்ரோ ஞானேந்திரன் அண்ணையின் மகன் றெக்ஸுக்கு உன்னைக் கல்யாணம் பேசி, வருகிற ஞாயிறு அப்பா சொல் கொடுப்பதாக இருந்தாரே, நீயும் பதில் தராமல் மழுப்பிக்கொண்டிருந்தாயே. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான், இஞ்சை இருக்கேக்கை கத்தினாலும் சிலுவை போடாதவள், சீனாவிலை போய் வேதம் படிப்பிக்கிறாள் பாரன் என்றார். மறுநாள் காலை அவரே ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து, குறை நினையாதேங்கோ அண்ணை, இது சரிவராது என்று சொல்லிவிட்டார்.

கம்பளிக் காலுறை இரண்டு சோடி அனுப்புகிறேன். ஒன்று பெரிய அளவு. ஆண்டவர் உங்களைக் காப்பாராக, ஆம், உங்களை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. நீ உன் வாயால் சொல்லும்வரை தனக்கு ஒன்றும் தெரியாதென்று அப்பா நடித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருப்பார். கெதியாய் எடு, மனுஷனுக்கு நடிக்க வராது.

உன் அம்மா,
றோஸ்மேரி மரியதாசன்