தாழ்ப்பாள் இல்லாத கதவு

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், எட்டாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் கேட்டீர்கள். ஓட்டல் சலவைக்கூடத்தில், விரிப்பு அடுக்கும் அறையில், உன் அக்காவை அந்த சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்ததை நீ போனில் எழுதிப் போட்ட இரண்டாம் நாளே லட்சம் பேர் பார்த்தார்கள், நான் டீக்கடையில் ஐந்து லட்சம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன் நான்கு மாதம் அவள் கொடுத்த மனுக்களை ஒருவனும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நீ போட்ட பிறகுதான் விசாரணை என்றே ஒன்று வைத்தார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். இஸ்திரி மெஷினில் நிற்கும் நெட்டையக்காகூட, எனக்கும் நடந்துச்சு, நானும் வந்து சொல்றேன் என்று வாயைத் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் மட்டும் உள்ளே போயிருந்தால் மூன்றே கேள்வியில் அவர்களை மடக்கியிருப்பேன், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உன் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் போட்டான்னு இருக்கே, அந்தக் கதவுல தாழ்ப்பாள் எங்கம்மா இருக்கு என்று கேட்டார்களாம். தள்ளுவண்டி இரண்டு பக்கமிருந்தும் இடித்துத் தள்ளிப் போகிற கதவு அது. நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க என்றிருக்கிறாள் உன் அக்கா. அப்போ மத்தது மட்டும் நெசமா என்று சிரித்தார்களாம். அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திக் காகிதம் கொடுத்துவிட்டார்கள். நெட்டையக்கா மறுநாள் தெருவில் எங்களைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் போனாள். உனக்காகக் கொதித்த லட்சம் பேரில் ஒருவர்கூட அந்த மேஜை முன்னால் வந்து சாட்சி சொல்ல முடியாதே அம்மா. இப்போது அவர்களிலேயே பாதிப் பேர் அவளைப் பொய்க்காரி என்று எழுதுகிறார்கள், அவள் அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறாள். ஜோடிச்சு எழுதச் சொல்லி அவகிட்ட யாரு கேட்டா என்று உன்மேல்தான் கோபம். நீயோ அக்கா பயந்து மாற்றிப் பேசிவிட்டாள் என்று இருக்கிறாய்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி மேல்முறையீடு. நீ நன்றாக இரு, ஒரு குறையும் உனக்கு வரக்கூடாது. மறக்காமல் இந்தக் கடிதத்தை அப்படியே படம் எடுத்து விசாரணைக்காரர்களுக்கும் அனுப்பு, அந்த லட்சம் பேருக்கும் போடு. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நீ என்னிடம் விவரம் கேட்டபோது, கேட்பவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும் என்று தாழ்ப்பாளை நானாகத்தான் சேர்த்துச் சொன்னேன். அந்த அறைக்குள் நான் காலே வைத்ததில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா