படத்தின் பின்பக்கம்

அண்ணை,

என்ர மனிசனுக்குப் பேப்பரில கண்ணீர் அஞ்சலி போடப் படம் கேட்டு உங்கட கிளினிக்கில இருந்து போன் வந்தது. வன்னியில சண்டை முடிஞ்ச கிழமை செத்தபடியால் சனம் அவற்ற சாவைக் கவனிக்கேல்லை எண்டு கவலைப்பட்டீங்களாம்.

மாசிப் பனிக்குள்ள அஜக்ஸில இருக்கிற எங்கட வீட்டில இருந்து உங்களிட்டத்தான் அவரைக் கூட்டிவந்தனான். புற்றுநோய் நோவுக்குக் கஞ்சாவை மருந்தா எடுக்க இந்த நாட்டு அரசாங்கத்திட்ட அனுமதி கேக்கிற விண்ணப்பம். படத்தின்ர பின்பக்கம், இது இவர்தான் எண்டு டொக்டரான நீங்கள் கையெழுத்து வைக்கவேணும், வேறொண்டுமில்லை. “சட்டத்தை மாத்திக்கொண்டே இருக்கிறாங்கள், பிறகு பாப்பம். கஞ்சா டொக்டர் எண்டு எங்கட சனம் சொல்லும்” எண்டு திருப்பித் தந்தீங்கள்.

உங்கட மச்சான் மூண்டு மாசம் நோவில குழறிக் குழறித்தான் செத்தார்.

அந்தப் படத்தையே அனுப்புறன். அஞ்சலிக்குக் கீழ உங்கட பேரைப் பெரிசாப் போடுங்கோ. பின்பக்கம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு.

உங்கட தங்கச்சி