லிகாண்டோஸ் கோட்டைக்கு ஓர் அடிக்குறிப்பு

என் அன்பு அப்பாவுக்கு,

கோமதி ஆன்ட்டி நேற்று அழைத்தார். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

“உங்கப்பாவுக்கு வேற டாபிக்கே கிடைக்கலையாம்மா? பைசாந்தியம், ஆர்மீனிய எல்லைன்னு... சோழர் பத்தி எழுதியிருந்தா நாலு பக்கம் குடுத்திருப்பேன்.”

“ரெண்டு பக்கம் போதும் ஆன்ட்டி.”

“ஆனா பாதில நிக்குதே. நீயே ஃபினிஷ் பண்ணி அனுப்பிடு.”

பாதியில் நிற்பதற்குக் காரணம் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

மறுபடி படித்தேன். பாழடைந்த லிகாண்டோஸ் கோட்டை. தன் ஆட்களோடு வந்து அதைச் சீராக்கி, பைசாந்தியப் பேரரசின் எல்லைக் கணவாயைக் காத்த ஆர்மீனியத் தளபதி. ஒரு காவலிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ‘ஆலனிலிருந்து இர்விங் போகிற தூரம், டிராஃபிக் இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சஸில் நம் ஊர்ப்பக்கம் யாருக்கும் அந்த அரை மணி நேரம் புரியும்.

‘பேரரசர் அவரை அங்கே அனுப்பினார்’ என்ற வரியைத்தான் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது நீக்கினேன். தளபதி தானாகப் போனார், பதவி பின்னால் வந்தது என்றேன்.

“பேப்பர் இல்லாம எவன்மா பார்டர்ல போய் உக்காருவான்?”

“அவருக்கு என்னப்பா, கிரீன் கார்டா?” என்று சிரித்துவிட்டேன். பதினான்கு வருடம் அதற்காகக் காத்திருந்தவரிடம்.

“அப்ப நீயே எழுதிக்கோ” என்று லேப்டாப்பை மூடினீர்கள். பிறகு அந்தக் கோப்பை நீங்கள் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் உங்கள் இதயம் நின்றது.

நான் சொன்னது சரிதான். இப்போதும் சரிதான். சிரித்திருக்க வேண்டுமா?

உங்கள் கடைசி வரி இது: ‘கொள்ளையிட வருபவர்களைக் கணவாயில் தடுக்க ஆள் போதாததால் உள்ளே விட்டுவிட்டு, திரும்பும் வழியில் காத்திருந்தார்கள்.’ விமானத்தில் போகிற தூரத்தில், பிளசன்டனில் வேலை கிடைத்தபோது நீங்கள் என்னைத் தடுக்கவில்லை. நான் திரும்பும்போதெல்லாம் விமானம் தரையிறங்கும் முன்பே பிக்கப் லேனில் நின்றீர்கள், போலீஸ்காரர் இரண்டு முறை விரட்டிய பிறகும். போன மாதம் டாக்சியில் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

கடைசிப் பத்தியை நான் எழுதுகிறேன் அப்பா. காத்திருந்தவர்களைப் பற்றி மட்டும். பேரரசர் அனுப்பினார் என்ற அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். உங்கள் பெயரில் அப்படியே அச்சாகும். அடியில், சின்ன எழுத்தில், என் மறுப்பு இருக்கும்.

இப்படிக்கு,
இன்னும் ஒத்துக்கொள்ளாத
உங்கள் மகள்