மூவண்ணக் கயிறும் பத்தாவது ஆளும்

1956 ஜனவரி 17, செவ்வாய்

கடும் பனி. விடுதிக் கொடியில் பாவாடை காயவே இல்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு அவமானமானதையும் விடமாட்டேன்.

பெரிய செய்தி! குடியரசு தினத்துக்குக் கிருஷ்ணகிரி மைதானத்தில் எங்கள் பள்ளியின் பின்னல் கோலாட்டம். கலெக்டர் வருகிறார்! "டில்லியில எல்லா ஊரு ஆட்டமும் ஆடறாங்களாம். இனிமே இதுவும் தேசத்து ஆட்டம்" என்றார்கள் பாட்டு டீச்சர். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆட்டம் என் வகுப்பு முனியம்மாவின் தெருவினுடையது. மத்தூர்ப் பக்கம். அறுப்பு முடிந்ததும் களத்தில் ஆடுவார்களாம். மேலே கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்று பிடித்து, பாதிப் பேர் வலம், பாதிப் பேர் இடம். கயிறு சடையாகப் பின்னிக்கொள்ளும். திருப்பி ஆடினால் பிரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

தேசியக் கொடியின் மூன்று நிறம், நிறத்துக்கு மூன்று கயிறு. ஆகவே ஒன்பது பேர். நான் உண்டு. முனியம்மா இல்லை. "நீ சொல்லிக் குடுத்தியே, அது போதும்மா" என்றுவிட்டார்கள் டீச்சர்.

ஜன. 20, வெள்ளி

ஒத்திகை. ஒரே முடிச்சு. ருக்மணியின் சடையும் சேர்ந்து சிக்கியது. "எல்லாம் இந்தப் புஸ்தகப் புழுவால. கால எங்க வெக்கறான்னே தெரியல!" என்று என்னைத்தான் சொன்னாள்.

வேப்பமரத்தடியில் முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒம்பது பேரு ஆடுனா கடைசி ஆளு யாரைடி தாண்டுவா? பேயையா?"

நோட்டில் ஒன்பது புள்ளி வைத்துப் பார்த்தேன். உண்மைதான். வலம் போகிறவளுக்கு இடம் போகிற ஜோடி வேண்டும்.

ஜன. 23, திங்கள்

டீச்சரிடம் சொன்னேன். "அப்ப ஒருத்தி குறையட்டும். நீ ஒக்காந்துக்க, ராசாத்தி. உனக்குத்தான் அடி வரல."

கிணற்றடியில் அழுதேன். இதையும் எழுதிவிட்டேன்.

மாலையில் திரும்பப் போனேன். "எட்டுன்னா ஒரு நிறத்துல ரெண்டு கயிறுதானே டீச்சர்? கொடியில நாலாவது நிறமும் இருக்கு. சக்கரத்தோட நீலம். அதோட பத்துப் பேராயிடும்."

டீச்சர் சிரித்தார்கள். "நீலக் கயிறு யாருக்கு?"

ருக்மணி உடனே, "எங்க பெரியம்மா பொண்ணு இருக்கா, டீச்சர்!"

நான் முந்திக்கொண்டேன். "மூணு நாள்தான் இருக்குது டீச்சர். அடி தெரிஞ்சவ ஒருத்திதான்."

டீச்சர் வேப்பமரத்தடியைப் பார்த்து, "முனியம்மா, எந்திரிச்சு வா."

ஜன. 25, புதன்

கடையில் நீலக் கயிறு இல்லை. மிச்சமிருந்த வெள்ளைக் கயிறு ஒன்றை என் மைப்புட்டியில் முக்கினோம். மை முழுதும் காலி. ஆகவே இதைப் பென்சிலில் எழுதுகிறேன்.

ஜன. 26, வியாழன்

ஆடிவிட்டோம்!! நல்ல வெயில், மைதானம் நிறையக் கூட்டம். இரண்டாம் சுற்றில் நான் தடுமாற, முனியம்மா முழங்கையால் இடித்து, "உள்ள போடீ!" போனேன். காவி, வெள்ளை, பச்சை, நடுவே நீலம் ஏறிக்கொண்டே போயிற்று. திருப்பி ஆடினோம். ஒரு முடிச்சு இல்லை!

கூட்டத்தில் ஓர் ஓசூர்க்காரர், "இது நம்மது!" என்று கன்னடத்தில் கத்தினார். பக்கத்து அம்மாள் தெலுங்கில், "காது, மாதி!" (இல்லை, எங்களது) என்று சண்டைக்கே போனார்.

கலெக்டர், "எந்த ஊர் ஆட்டம்?"

டீச்சர், "தேசிய ஆட்டங்க, ஐயா."

முனியம்மா, "எங்க தெரு ஆட்டங்க." கை இரண்டும் நீலம்.

"உங்க தெருவுல யார் நல்லா ஆடுவாங்க?"

"எங்கம்மாங்க."

"அடுத்த மாசம் சேலத்துல ஆடணும். அம்மாவையும் கூட்டிட்டு வா."

டீச்சர் வேகமாகத் தலையாட்டினார்கள்.

இப்போது பக்கத்துப் பாயில் முனியம்மா, மடியில் தபால் கார்டு. "கலெக்டர் கூப்டாருன்னு எழுதுனா அம்மா பயந்துக்கும். வேற என்னான்னுடி எழுதறது?" நான் யோசிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரி இருட்டில்.