பதினேழாம் நோன்பின் ஆறு நிமிடம்

நோன்பு 17, செவ்வாய்

நான் தட்டியபோது கோழிகள் இன்னும் கூட்டுக்குள் போகவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் கண்டேன். மூன்றும் முற்றத்தில் கிளறிக்கொண்டு நின்றன. மற்ற நாட்களில் அவை அடைந்த பிறகுதான் தட்டுவேன்.

நாள் முழுக்கக் கச்சான் காற்று. காற்று அடித்தால் பள்ளிவாசல் பாங்கு எங்கள் ஒழுங்கைக்குக் கேட்காது. அதனால் இந்த நோன்புக்கு, உடைந்த பிளேனில் கழற்றிய என் மணிக்கூடுதான் நேரம். அதைப் பார்த்து, பிளேன் தகரத்தில் கரண்டியால் தட்டுகிறேன். ஒன்பது வீடும் அந்தச் சத்தத்துக்கு நோன்பு துறக்கும்.

பக்கத்து வீட்டுச் சல்லிமா மாமி வேலிக்கு மேலால்: "எங்கட பைலட்டு இண்டைக்கு நேரத்துக்கு முந்தியே இறக்கிட்டாள்!"

கோழி பிழையா, நான் பிழையா?

நோன்பு 18, புதன்

வாப்பாவின் கைமணிக்கூடு தபால் கந்தோர் மணிக்கூட்டைப் பார்த்து வைத்தது; பொழுது விழும் மஃரிபுக்கு அது அவரோடு பள்ளிவாசலுக்குப் போய்விடும். இன்று மத்தியானம் அவர் லுஹர் தொழப் போகும்முன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது ஆறு நிமிடம் முன்னால்.

நேற்று மத்தியானம் சாவி கொடுத்தேன். எட்டு நாள் ஓடும், ஆனால் செவ்வாய்க்குச் செவ்வாய் கொடுப்பேன். கீழே உள்ள திருகியைச் சுற்றினால் சாவி ஏறும். வெளியே இழுத்துச் சுற்றினால் முள் நகரும். மீன் கழுவிய ஈரக்கை. திருகி வெளியே இழுபட்டு முள் நகர்ந்திருக்கிறது. பார்க்கவில்லை.

பொழுது விழுமுன் துறந்தால் அந்த நோன்பு இல்லை. பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் பதிலுக்கு, களாவாகப் பிடிக்க வேண்டும். குர்ஆன் ஓதப் போன காலத்திலேயே படித்தது.

முள்ளைச் சரிசெய்து தட்டினேன். மாமி: "என்ன புள்ள, பிளேன் இண்டைக்குச் சுணங்கிட்டு?"

சிரித்தேன். வேறென்ன.

நோன்பு 19, வியாழன்

மா இடித்தது. வாப்பாவின் சாரம் இரண்டு தோய்த்தது. மணிக்கூடுகள் நான்கும் துடைத்தது.

கண்ணாடி உடைந்தது, ஒரே முள்.
கடலில் கிடந்தது, பச்சை பிடித்து இலக்கம் தெரியாது.
பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் இரண்டு உள்ளது.
அம்புக்குறி போட்டது. ஓடுவது இது மட்டும்.

சீனக்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பிளேன்களை உடைத்து, வாப்பா கொழும்பு லொறிக்கு ஏற்றுகிறார். மணிக்கூடு மட்டும் எனக்கு. பெரியபிள்ளையாகிப் பள்ளிக்கூடம் நின்ற வருடம் முதலாவது வந்தது. இந்த வருடம் முதல் நாள், தலைநோன்பு அன்று வாப்பா சொன்னது: "ஊராட நோன்பு, மகள். விளையாட்டில்ல. பிழைச்சிதோ, நாலையும் லொறியில ஏத்திடுவன்."

எண்ணெய் இன்னும் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்று பைலட் இதைப் பார்த்துத்தான் அறிவானாம். அதையும் வாப்பாதான் சொன்னார். முள் பிழைத்தால் கடல். சுற்றிவர ஒன்றும் தெரியாத இடத்தில் இதை நம்பி ஒருவன் இருந்திருக்கிறான்.

பச்சை பிடித்ததை இரண்டாம் முறையும் துடைத்தேன்.

நோன்பு 20, வெள்ளி

குசினியில் உம்மாவிடம் சொன்னேன். அகப்பையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"ஆருக்கும் சொன்னியா?"

"இல்ல உம்மா."

"அப்ப வாயப் பொத்து. நீ வேணுமெண்டு செய்யல்ல. நாங்க ரெண்டு பேரும் களாப் பிடிப்பம். வாப்பாவுக்கு நான் பிறகு சொல்றன்."

"மற்ற எட்டு வீடும்?"

உம்மா அகப்பையை எடுத்துக் கஞ்சியைக் கிண்டினார். இன்று கஞ்சியில் உப்பு இல்லை.

நோன்பு 22, ஞாயிறு

சல்லிமா மாமி தேங்காய் கேட்டு வந்தார். வயிற்று நோயால் மூன்று வருடம் நோன்பை முழுதாகப் பிடிக்க முடியாதவர். இந்த முறை ஒன்றும் விடவில்லை. அலுமாரிக் கதவில் கரியால் கோடு போடுகிறாராம்.

"இருபத்தியொரு கோடு, புள்ள. முப்பதும் முடிஞ்சா நான் மவுத்தானாலும் கவலையில்ல."

உம்மா என் காலை மிதித்தார். மாமி போன பிறகு: "அந்த முகத்தப் பாத்தியா? அதக் கெடுக்கப் போறியா?"

உம்மா சொல்வதும் சரிதான். பெருநாளன்று மாமி முப்பதையும் எண்ணிக் காட்டுவார். நானும் நின்று பார்க்க வேண்டும்.

நோன்பு 23, திங்கள்

காலையிலிருந்து காற்று இல்லை. லுஹர் பாங்கு தெளிவாகக் கேட்டது. மஃரிபும் கேட்கும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான்கு மணிக்கூட்டையும் சாக்கில் கட்டி, லொறிக்குப் போகும் தகரத்தின் மேல் வைத்தேன். ஓடுவதையும்தான். சாக்குக்குள்ளும் சத்தம் கேட்டது. உம்மா கிணற்றடியில். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

மாமி பயறு புடைத்துக்கொண்டிருந்தார். "என்ன பைலட்டு, வாய் திறக்காம நிக்கிறாய்?"

"மாமி, பதினேழாவது கோட்ட அழிச்சிடுங்க."

ஈரக்கை, திருகி, ஆறு நிமிடம், கோழி எல்லாம் சொன்னேன். சுளகு அவர் கையில் அப்படியே நின்றது. அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுளகைக் கீழே வைத்தார்.

வெளியே வந்து அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தேன்.